சேர்வராயன் அடிவாரத்து கூட்ஸ் ஷெட்: எச்.ஓ. அளவில் கட்டி, மெருகேற்றி, படமெடுக்க முழு வழிகாட்டி

பொம்மிடியிலிருந்து சேலம் வரும் ரயிலில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால், லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியெங்கும் சேர்வராயன் மலை கூடவே வரும். அந்த மலையைப் பின்னணியாக வைத்து மாடல் ரயில் அமைக்க நினைப்பவர்கள் பெரிய ஜங்ஷனில் தொடங்க வேண்டாம். கருங்கல் மேடை, சுண்ணாம்பு அடித்த சுவர், மங்களூர் ஓட்டுக் கூரை கொண்ட ஒரு சிறிய கூட்ஸ் ஷெட் போதும். ஒரு கட்டடத்தில் கற்க வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. இங்கே கட்டப்போவது எந்த ஒரு நிலையத்தின் நகலும் அல்ல. தென்னிந்தியப் பாதைகளில் பரவலாகக் காணப்படும் வகை. அசலில் நீளம் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர், சுவர் உயரம் 4 மீட்டர். எச்.ஓ. என்பது அசலை 87-இல் ஒரு பங்காகக் குறைக்கும் மாடல் ரயில் அளவு.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய உலகத்தில் மனிதனின் உயரம் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. 1.7 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.5 மி.மீ. நாமோ மேசைக்கு மேலிருந்து குனிந்து பார்த்துக் கட்டுகிறோம். அதனால்தான் பல மாடல்களில் கூரை நன்றாக அமைந்தும் சுவரின் அடி, இறவாரத்தின் நிழல், கல் மண்ணில் இறங்கும் இடம் எல்லாம் கோட்டை விடப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி ஒரு முறை பாருங்கள்.

அசலை அளப்பது

டேப் பிடித்து அளக்க வழியில்லாத இடத்தில் தெரிந்த அளவுகளைக் கொண்டு கணக்குப் போடலாம். பழைய செங்கல் ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரம். பூச்சு உதிர்ந்த இடத்தில் வரிசைகளை எண்ணினால் சுவர் உயரம் தெரிந்துவிடும். சாதாரணக் கதவு 2.1 மீட்டர். சுவருக்கு நேர் எதிரே நின்று எடுத்த ஒரு படம், சாய்வாக எடுத்த பத்துப் படங்களுக்குச் சமம். பிளாட்பாரத்திலிருந்தோ பொதுச் சாலையிலிருந்தோ மட்டும் எடுங்கள். தண்டவாளப் பகுதிக்குள் அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம், உயிருக்கும் ஆபத்து.

கதவு, ஓடு, கல் மேடையின் மூலை, சுவரின் அடி ஆகிய நான்கையும் கிட்டத்தில் எடுத்து வையுங்கள். நிறம் தீர்மானிக்கும்போது நினைவை நம்ப வேண்டாம்.

வெட்டும் கணக்கு

சுவருக்கு 3 மி.மீ. சன்போர்டு (பி.வி.சி. நுரைப் பலகை) எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் நகரில் மவுண்ட் போர்டும் தாங்கும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஈரம் இறங்காது. அங்கே அட்டைச் சுவர் நிச்சயம் வளையும். மலைமேல் இருப்பவர்கள் சன்போர்டைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம்.

குறுக்குச் சுவர் இரண்டு: அகலம் 69 மி.மீ., ஓரத்தில் உயரம் 46, நடு உச்சியில் 66. இந்த 20 மி.மீ. எழுச்சி 30 டிகிரி சாய்வுக்கு உரியது. நீளச் சுவர் இரண்டு: 132 x 46 மி.மீ. இவை குறுக்குச் சுவர்களுக்கு இடையில் உட்காரும். இரு பக்கமும் 3 மி.மீ. சேர்ந்து மொத்த நீளம் 138 ஆகும். நீளச் சுவரின் மேல்விளிம்பைச் சாய்த்துச் சீவத் தேவையில்லை, கூரை அதன் வெளி விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். கூரைக்கு 1 மி.மீ. அட்டையில் 148 x 48 மி.மீ. இரண்டு. இதில் பக்கவாட்டில் 7 மி.மீ., முனைகளில் 5 மி.மீ. வெளியே நீளும்.

சரக்குக் கதவு 2.4 மீட்டர் சதுரம், அதாவது 28 மி.மீ. ஒவ்வொரு நீளச் சுவரிலும் இரண்டு. சுவரின் முனையிலிருந்து 20 மி.மீ. விட்டுக் கதவு, 36 இடைவெளி, அடுத்த கதவு, மீண்டும் 20. கூட்டிப் பாருங்கள்: 132. திறப்பை வெட்டும்போது மூலையிலிருந்து நடுவை நோக்கி வெட்டுங்கள். மூலையைத் தாண்டி பிளேடு ஓடினால் அந்தக் கீறல் பெயிண்ட்டுக்குப் பிறகும் தெரியும். ஒரே அழுத்தில் 3 மி.மீ. வெட்ட முயன்றால் பிளேடு சாய்ந்து, அடிப்பக்கம் அளவு மாறிவிடும். நான்கைந்து முறை மெதுவாக இழுங்கள். சுவர் ஒன்றுக்கு ஒரு பிளேடு நுனியை ஒடித்துவிட்டுப் புது நுனிக்குப் போங்கள்.

சன்போர்டுக்கு ஃபெவிகால் சரிப்படாது, அதில் ஊறி இறங்க இடமில்லை. ஃபெவிக்விக் பிடிக்கும். ஆனால் அதே ஃபெவிக்விக் தெர்மோகோலையும் ஃபோம் போர்டின் நடு நுரையையும் கரைத்துவிடும். எந்தப் பசை எங்கே என்பதைக் குழப்பிக்கொண்டால் ஒரு மாலை வேலை ஒரு நொடியில் போய்விடும். மூலைகளைச் செட் ஸ்கொயரில் ஒட்டி நிறுத்தி ஒட்டுங்கள். நான்கு சுவரும் சேர்ந்ததும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் கூரை முகட்டில் அது தெரியும்.

உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால், கூரை மூடும் முன் உட்சுவர் முழுவதும் கறுப்பு அடித்து அதன்மேல் வெள்ளை அடியுங்கள். வெள்ளை மட்டும் அடித்தால் இரவுப் படத்தில் சுவரே விளக்குக் கூண்டு மாதிரி ஒளிரும். மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஒன்று, 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 9 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தேவையில்லை, கூட்ஸ் ஷெட்டில் மங்கல்தான் அழகு.

மேடை: அதிகம் பேர் தவறும் இடம்

இந்திய ரயில்வேயில் சரக்கு மேடையின் உயரம் அதிகபட்சம் 1,070 மி.மீ. நம் அளவில் 12.3 மி.மீ. இந்த எண்ணை வைத்து 12 மி.மீ. மேடை செய்து பலகையில் ஒட்டினால், வேகன் கதவு மேடையைவிட உயரத்தில் தொங்கும். காரணம், அந்த 1,070 தரையிலிருந்து அல்ல, தண்டவாளத்தின் தலையிலிருந்து அளக்கப்படுவது. மாடல் டிராக்கில் ரெயிலும் ஸ்லீப்பரும் சேர்ந்தே சுமார் 4.5 மி.மீ. வரும். அடியில் 3 மி.மீ. கார்க் இருந்தால் மொத்தம் 7.5. ஆகவே மேடை பலகையிலிருந்து கிட்டத்தட்ட 20 மி.மீ. எழ வேண்டும். உங்கள் டிராக்கை அளந்து இந்தக் கூட்டலை நீங்களே போடுங்கள். சாலைப் பக்கத்தில் மண்ணை உயர்த்திக்கொள்ளலாம்.

மேடை விளிம்புக்கும் டிராக்கின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம், பயணிகள் பிளாட்பாரத்துக்கு 1,670 முதல் 1,680 மி.மீ. நம் அளவில் 19.2. நேரான பாதையில் இதைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். வளைவில் வேகனின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் தள்ளும். முடிந்தவரை ஷெட்டை வளைவில் வைக்காதீர்கள். எப்படியானாலும், ஒட்டும் முன் உங்களிடம் இருப்பதிலேயே அகலமான வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

முடிந்த மேடையின் அளவு 178 x 104 மி.மீ.: ரயில் பக்கம் 23, சாலைப் பக்கம் 12, முனைகளில் 20 மி.மீ. வெளியே விரியும். மேல்தளம் 2 மி.மீ. அட்டை. அசலில் அது 17 செ.மீ. கனமுள்ள கற்பலகையாகும், சரியான அளவு. உட்கூட்டை 168 x 94 ஆகக் குறைத்து வெட்டுங்கள், ஏனெனில் சுற்றிலும் 5 மி.மீ. கனத்தில் கல் முகம் ஒட்டப் போகிறோம்.

கல் முகத்துக்கு 5 மி.மீ. ஃபோம் போர்டில் பட்டைகள் வெட்டி, ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிடுங்கள். வெளிவரும் நுரையில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கல் இணைப்புகளை அழுத்தி வரையுங்கள். ஒரு கல் ஏறக்குறைய 5 x 3 மி.மீ. மேல் வரிசையின் செங்குத்துக் கோடு கீழ் வரிசைக் கோட்டின் மேல் வரக் கூடாது. எந்தக் கொத்தனாரும் அப்படி வைக்க மாட்டார். சுருட்டிய அலுமினியத் தாளை மேலே உருட்டி எடுத்தால் கொத்திய கல்லின் சொரசொரப்பு கிடைக்கும். இங்கே ஸ்ப்ரே பெயிண்ட் கூடாது, அதுவும் நுரையைக் கரைக்கும். சேர்வராயனின் பாறை சார்னோகைட். கறுப்பும் வெள்ளையும் கலந்த சிமென்ட் சாம்பல் அதற்குப் பொருந்தாது. கருஞ்சாம்பலில் துளி நீலமும் துளி காவியும் சேருங்கள். நான்கைந்து கல்லை மட்டும் தனியாகச் சற்று வெளிர் நிறத்தில் தொட்டால் மொத்தச் சுவரும் உயிர்பெறும்.

ஓடு

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். மங்களூர் ஓடு ஏறக்குறைய 41 செ.மீ. நீளம், 23.5 செ.மீ. அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பிறகு கண்ணுக்குத் தெரிவது சுமார் 32 x 21 செ.மீ. எச்.ஓ.வில் 3.7 x 2.4 மி.மீ. ஒரு சாய்வுக்கு 13 வரிசை, வரிசைக்கு 62 ஓடு. இரு பக்கமும் சேர்த்து ஆயிரத்து அறுநூறுக்கும் மேல். தனித்தனியாக ஒட்டத் தேவையில்லை, பட்டைகளாகச் செய்யலாம்.

120 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்றில், நீளவாக்கில் 2.4 மி.மீ. இடைவெளியில் 62 கோடுகளை வெளிர் சாம்பலில் பிரின்ட் எடுங்கள். ரப்பர் மேட்டின்மேல் தாளை வைத்து, மை தீர்ந்த பேனாவை ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து ஒவ்வொரு கோட்டிலும் அழுத்தி இழுங்கள். தாளைத் திருப்பினால் கோடுகள் மேடாக நிற்கும், அதுதான் மேல்பக்கம். இப்போது கோடுகளுக்குக் குறுக்கே 5 மி.மீ. பட்டைகளாக வெட்டினால் ஒரே தாளில் 59 பட்டைகள் வரும். தேவை 26 மட்டுமே. நன்றாக வந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

கூரை அட்டையில் 3.7 மி.மீ. இடைவெளியில் பென்சில் கோடுகள் போட்டு, கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். முதல் பட்டைக்கு அடியில் 1 மி.மீ. அகலத்தில் ஒரு தாள் துண்டை வைப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் வரிசை மட்டும் படுத்துவிடும், மற்றவற்றின் சாய்வு அதற்கு இருக்காது. பக்க இணைப்புகள் வரிசைக்கு வரிசை நேராக வருகின்றனவா, அரை ஓடு தள்ளி வருகின்றனவா என்பதை நீங்கள் எடுத்த படத்தில் பார்த்து அதன்படி வையுங்கள். ஃபெவிகாலை மெல்லிய கோடாக, பட்டையின் மேல்விளிம்பில் மட்டும் தடவுங்கள். கீழ்விளிம்பு சற்றே தூக்கி நிற்கட்டும். அந்த மயிரிழை நிழல்தான் கண்ணுக்கு ஓடாகத் தெரிகிறது.

ஒரு பக்கம் மட்டும் பசை பட்ட அட்டை காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி, கூரை கிண்ணமாக வளையும். பலர் அதை எடைவைத்து அழுத்திப் பார்ப்பார்கள், எடையை எடுத்ததும் மீண்டும் வளையும். அட்டையின் அடிப்பக்கத்திலும் ஒரு தாளை முழுவதும் ஒட்டிவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும்.

நிஜ ஷெட்டுகளில் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு இருக்கும். ஓட்டை எண்ணி ஓரிடத்தில் பட்டையில் 2.4 x 3.7 அளவு வெட்டி, அட்டையிலும் துளையிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாள் துண்டை வையுங்கள். உள்ளே விளக்கு எரியும்போது கூரையில் அந்த ஒற்றைச் சதுரம் மட்டும் மினுங்கும்.

முகட்டு ஓட்டுக்குத் தாளை 2 மி.மீ. கம்பியில் உருட்டி, 4 மி.மீ. நீளத்தில் 37 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் சுண்ணாம்புச் சாந்து தெரியும்படி வெள்ளைச் சாம்பலை ஊசி நுனியால் தொடுங்கள். இறவாரத்தின் அடியில் கைமரங்களின் நுனி தெரிய வேண்டும். ஊதுபத்திக் குச்சியை 1.2 மி.மீ. கனத்துக்குச் சீவி, 8 மி.மீ. துண்டுகளாக 7 மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 22 ஒட்டுங்கள். 2 செ.மீ. மனிதன் அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிவது இவைதான்.

கூரையின் நிறம் டப்பாவில் கிடைக்கும் ஆரஞ்சு அல்ல. அடிக்கு மண்பழுப்பு, அதன்மேல் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷில் செங்கல் நிறம், பிறகு இருபதுக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கங்கே பிரகாசமான ஓடு, உடைந்ததற்குப் பதில் மாற்றியது. அடிவாரத்தில் புழுதி ஏறிய சிவப்பு வேண்டும். மலைமேல் கட்டடமானால் வடக்குச் சாய்வில் பாசிக் கறுப்பு சேருங்கள்.

சுவரும் பழைமையும்

பூச்சுச் சுவருக்கு மணல் கலந்து பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அரை மி.மீ. மணல் துகள் நம் அளவில் 4 செ.மீ. ஜல்லி, அப்படி எந்தச் சுவரும் இருக்காது. அக்ரிலிக்கில் முகப் பவுடர் ஒரு சிட்டிகை போதும். மேலே மங்கிய வெள்ளை, அடியில் 10 மி.மீ. உயரத்துக்குக் காவிப் பட்டை. கதவுப் பலகைகளுக்கு 1.7 மி.மீ. இடைவெளியில் கீறல், கதவைச் சுவருக்குள் ஒன்றரை மி.மீ. தள்ளி வையுங்கள். காற்றுத் துளையின் கம்பிக்கு மின்வயரின் உள்ளிருக்கும் செம்பு இழை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 0.2 மி.மீ. என்பது அசலில் 17 மி.மீ. கம்பி, கச்சிதம்.

மழைத் தண்ணீர் மேடையிலிருந்து வழிந்து விழுந்து தெறிக்கும்போது மேடைக்குக் கீழேயுள்ள செம்மண் கல்லின்மேல் ஏறும். கீழிருந்து 5 முதல் 7 மி.மீ. வரை அந்தக் கறை. அதற்கு மேல் ஏற்றினால் வெள்ளம் வந்துபோன மாதிரி இருக்கும். வெளிர்மண் நிறப் பாஸ்டல் சாக்கைச் சுரண்டிய தூளை மென்பிரஷ்ஷால் மேல்நோக்கித் தட்டுங்கள். கதவின் ஓரங்களில் மூட்டை உரசி பெயிண்ட் தேய்ந்திருக்கும், அது இடுப்பு உயரத்தில், 11 மி.மீ.யில் வரும். மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தை ஏற்றும் ஷெட் என்று வைத்துக்கொண்டால் வாசலிலும் மேடை விளிம்பிலும் வெள்ளைத் தூள் படியட்டும். சேலத்துக்கு அருகே மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு நிலையம் இருக்கும்போது இந்த வெள்ளைக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

காப்பி மூட்டை வைப்பதாக இருந்தால் எம்-சீலைப் பிசைந்து 9 x 6 x 3 மி.மீ. உருண்டைகளாக்கி, இறுகுமுன் மெல்லிய மஸ்லின் துணியை அழுத்தி எடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் கீழ்மூட்டையின்மேல் லேசாகத் தொய்ந்து படிய வேண்டும். இறுகிய பிறகு அடுக்கினால் செங்கல் மாதிரி நிற்கும்.

கடைசியாக மேட் வார்னிஷ். பாஸ்டல் தூளில் பாதி இதில் மறைந்துவிடும், எனவே முன்பே கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள். ஏற்காட்டில் மூடுபனி நாளில் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் சிக்கி வெள்ளையாகப் பூக்கும். சேலத்துச் சித்திரை மதியத்தில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகப் படியும். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தரை

ஊர் மண்ணைவிடப் பொருத்தமான தரை நிறம் கடையில் கிடையாது. செம்மண்ணை டீ வடிகட்டியிலும் பிறகு நைலான் துணியிலும் சலித்து, வாணலியில் பத்து நிமிடம் வறுத்துவிடுங்கள். பூச்சி, பூஞ்சை இரண்டும் போகும். அடுத்தது சேலத்துக்காரர்கள் தவறவே கூடாத வேலை: பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை மண்ணுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். கஞ்சமலை மேக்னடைட் இரும்புத் தாதுக்குப் பேர்போனது. சுற்றுவட்டார மண்ணில் கறுப்புத் துகள்கள் பையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அவை என்ஜின் மோட்டாரின் காந்தத்தில் ஏறினால் மோட்டார் சிக்கும். காந்தம் சுத்தமாக வரும்வரை விடாதீர்கள்.

ஷெட்டை மண்ணின்மேல் வைக்காமல், மண்ணுக்குள் ஒரு மி.மீ. இறங்கும்படி பதித்து, பிறகு சுற்றிலும் மண்ணை நிரப்புங்கள். சொட்டு மருந்துக் குழலில் சோப்புத் தண்ணீர் விட்டு நனைத்து, அதன்பின் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர். நனைக்காமல் பசையை விட்டால் அது உருண்டு மண்ணைக் குழி பறிக்கும். ரயில்வே ஜல்லி 65 மி.மீ. வகை, நம் அளவில் முக்கால் மி.மீ. அதைவிடப் பெரிய துகளைப் பாதையில் போடாதீர்கள். மேடை விளிம்பிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்து விழும் கோட்டில், மெல்லிய மண் கழுவப்பட்டுச் சிறுகல் மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு கோடு வெளிர் சிறுகல் தூவினால் அதுவும் வந்துவிடும்.

மரம் வைப்பவர்கள் உயரத்தில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். 20 மீட்டர் சில்வர் ஓக் என்றால் 23 செ.மீ.; ஷெட்டைப் போல மூன்று மடங்கு. சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் மேலே காப்பித் தோட்டத்துக்கு உரியவை. அடிவாரத்தில் புளியும் வேம்பும் வையுங்கள்.

படமெடுப்பது

கேமரா நிற்க வேண்டிய உயரம் 18 முதல் 20 மி.மீ., அந்தச் சிறிய மனிதனின் கண். ஃபோனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். அகல லென்ஸைக் கிட்டத்தில் கொண்டுபோனால் அருகிலிருக்கும் மூலை பூதாகரமாகும். இரண்டு மடங்கு லென்ஸில், சற்றுத் தள்ளி நின்று எடுங்கள். இரண்டு வினாடி டைமர், குறைந்த ஐ.எஸ்.ஓ., ஏதாவது ஒன்றில் சாய்த்து நிறுத்திய ஃபோன்.

பெரிய கேமராவில் முன்மூலை துல்லியமானால் பின்மூலை மங்கும். பார்ப்பவருக்கு உடனே பொம்மை என்று தெரிவது இந்த மங்கலால்தான். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். எஃப் 8 அல்லது 11-இல் வைத்து, முன்னிருந்து பின்னாக ஃபோகஸை நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து, அடுக்கி இணைக்கும் மென்பொருளில் ஒன்றாக்குங்கள்.

வெளிச்சம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். உலகத்தில் சூரியன் ஒன்று. அறைக்குள் என்றால் விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அருகில் வைத்தால் நிழல்கள் விசிறியாக விரிந்து அளவைக் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் ஒன்று. பின்னணிப் படத்தை மேட் தாளில் பிரின்ட் எடுத்து, ஷெட்டின் நிழல் அதில் விழாத தூரத்தில் நிறுத்துங்கள்.

சேலத்தில் மொட்டைமாடி இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. மலை வடக்கே இருக்கிறது. மாடலைப் பலகையோடு தூக்கிக்கொண்டுபோய், தெற்கே நின்று வடக்குப் பார்த்து எடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெளிச்சம் கேமராவுக்குப் பின்னிருந்து வரும். காலை எட்டு மணிக்கு முன்கூரையின் ஒவ்வொரு ஓட்டு வரிசையும் பக்கவெளிச்சத்தில் தனியாக எழுந்து நிற்கும். மாலை நாலரைக்கு மேல் மறுபக்கம். பலகையின் பின்விளிம்பு பக்கத்து மாடிகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் மறைக்கும் உயரத்துக்கு ஸ்டூலை ஏற்றி இறக்குங்கள். விளிம்புக்கு மேல் மலை மட்டும் மிஞ்ச வேண்டும். காற்றடிக்கும் நாளில் வேண்டாம், தளர்வாக நிற்கும் மூட்டை முதலில் பறக்கும்.

முதல் படத்தை எடுத்ததும் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். தூசி இழை ஒன்று கூரையில் கயிறு மாதிரிக் கிடக்கும். ஊதுகுழலால் ஊதி எடுங்கள், விரலால் தொடாதீர்கள். மேடைக்கும் மண்ணுக்கும் இடையில் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே இன்னும் ஒரு சிட்டிகை மண், ஒரு சொட்டுப் பசை. கதவு வாசலில் ஃபெவிக்விக் பளபளத்தால் அந்த இடத்துக்கு மட்டும் மேட் வார்னிஷ். காய்ந்த பிறகு மாடலை அதே இடத்தில் வைத்து, அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள்.